பிடியரிசியும் பொது ஒலிபரப்பும்: தீவக நேயரை முன்வைத்து ஒரு நோக்கு

பொது ஒலிபரப்பு யாருடைய பணத்தில் நடைபெறல் வேண்டும் என்னும் வினா புதியதன்று. எனினும், 2025 யூலையில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் காங்கிரஸ், 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான பொது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கென இரு ஆண்டுகளுக்கு முன்கூட்டியே ஒதுக்கியிருந்த ஏறத்தாழ 110 கோடி டொலரை மீளப்பெற்றபோது, அவ்வினா மீண்டும் கூர்மை பெற்றது. அந்நாட்டு நேயர் பலர் தத்தம் வானொலி நிலையங்களுக்குத் தாமாகவே நன்கொடை அனுப்பினர். அரசு கைவிட்டதை மக்கள் தாங்கிக்கொள்வர் என்னும் நம்பிக்கை அதனால் வலுப்பெற்றது. இந்நம்பிக்கை தமிழ் ஒலிபரப்புக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்கு யாழ்ப்பாணத் தீவகத்தைக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. பொது ஒலிபரப்பின் தகுதியை அளக்கும் கோல் தலைநகரத்து நேயர் அல்லர். எட்டுதற்கு அரிய இடத்தில், விளம்பரகாரருக்கு இலாபம் எதுவும் தராதவராக வாழும் நேயரே அக்கோலாவர். புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறியே நயினாதீவையும் நெடுந்தீவையும் அடைதல் வேண்டும். நெடுந்தீவுக்குச் செல்ல ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிற் கழியும். கடல் கொந்தளிக்கும் நாளிற் படகு ஓடாது. நோயாளியும் ஆசிரியரும் வணிகரும் கரையிலேயே நிற்பர். புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பின் நிலை பற்றிய அறிவிப்பு, கொழும்பு நேயருக்குச் செய்தியின் இறுதியில் வரும் ஒரு வழக்கமான வாக்கியம். தீவக மீனவருக்கோ அது அன்றைய தொழிலையும் சிலவேளை உயிரையும் தீர்மானிக்கும் வாக்கியம். இவ்வொரு வாக்கியத்தின் செலவை யார் ஏற்பது என்பதே பொது ஒலிபரப்பு நிதி பற்றிய விவாதத்தின் உட்பொருள் எனலாம்.

தமிழ் ஒலிபரப்பின் வரலாற்றுக்கும் தீவகத்துக்குமுள்ள தொடர்பு தற்செயலாக ஏற்பட்டதன்று. இலங்கை வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு அடித்தளமிட்டோருள் முதன்மையானவரான சோ. சிவபாதசுந்தரம் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னிற் பிறந்தவர். இலண்டனில் பி.பி.ஸி. நிறுவனத்திற் பணியாற்றிய காலத்தில் அதன் தமிழ்ச் சேவைக்குத் ‘தமிழோசை’ எனப் பெயரிட்டவரும் அவரே. 1954இல் வெளிவந்த அவரது ‘ஒலிபரப்புக் கலை’, அத்துறை பற்றித் தமிழில் எழுந்த முன்னோடி நூலாகும். இரு கரைகளிலும் தமிழ் ஒலிபரப்பின் தோற்றத்திற் பங்குகொண்ட ஒருவர், கடல் கடந்தே எதனையும் பெறவேண்டிய ஒரு மண்ணிலிருந்து வந்தமை மனங்கொள்ளத்தக்கது.

அவர் கால்கோளிட்ட வானொலி எவ்வாறு பணம் பெற்றது என்பதை நோக்குதல் இங்கு அவசியமாகும். கொழும்பில் 1925இல் தொடங்கிய ஒலிபரப்பு, 1949இல் ‘ரேடியோ சிலோன்’ என்னும் பெயரைப் பெற்றது. 1950இல் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. இந்திய அரசின் வானொலி 1952இல் திரையிசையைப் புறக்கணிக்க முற்பட்டபோது, அவ்விசையை விரும்பிய இந்திய நேயர் இலங்கை வானொலியை நாடினர். அவர்களைத் தொடர்ந்து இந்திய விளம்பரங்களும் வந்தன. இப்பொற்காலம் நீடிக்கவில்லை. 1957இல் விவித பாரதி தொடங்கியது; 1967 நவம்பரில் அதுவும் விளம்பரங்களை ஏற்கத் தலைப்பட்டது. பிறர் நாட்டுச் சந்தையை நம்பிய வருவாய், அச்சந்தைக்கு வேறொரு வாசல் திறந்ததும் மெலிந்தது.

மறுபுறத்தே, உள்நாட்டு நேயர் அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி வானொலி அனுமதிப்பத்திரம் பெறும் முறையும் நெடுங்காலம் நிலவிப் பின்னர் கைவிடப்பட்டது. அக்கட்டணம் பலருக்கு ஒரு சுமையாகவே தோன்றியது. ஆயின், நெடுந்தீவில் வானொலி வைத்திருந்தவரும் கொழும்பிற் கறுவாத்தோட்டத்தில் வைத்திருந்தவரும் ஒரே பத்திரத்தின் மூலம் ஒரே நிறுவனத்தின் பங்காளராயினர் என்பதை மறுத்தற்கில்லை. அப்பங்கின் பயனைத் தமிழ் நிகழ்ச்சிகளிற் காணலாம். சானா என அறியப்பட்ட சண்முகநாதன் வளர்த்த நாடகத்துறையும், இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’ போன்ற தொடர்களும் யாழ்ப்பாணத்தின் பேச்சுமொழியை வானலையில் ஏற்றின. மேடைத்தமிழே தமிழெனக் கருதப்பட்ட காலத்தில், வீட்டு முற்றத்துத் தமிழுக்கும் அரங்கில் இடமுண்டென அவை நிறுவின. விளம்பர வருவாய் மட்டுமே குறிக்கோளாயிருந்திருப்பின் இம்முயற்சிகள் நெடுங்காலம் நிலைத்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது.

கட்டணம் பெற்று ஒலிபரப்பப்பட்ட மரண அறிவித்தல்களும் ஈண்டு நோக்கத்தக்கன. ஒரு குடும்பம் பணம் செலுத்திற்று. நாடு முழுவதும் கேட்டது. கிரியை எப்பொழுது, தகனம் எங்கே என்பதை அறிந்து அடுத்த படகைப் பிடிக்க வேண்டிய தீவகத்தவருக்கு அவ்வறிவித்தல் வெறும் சம்பிரதாயமாக இருக்கவில்லை. ஒருவர் கொடுத்துப் பலர் பயன்பெறல் என்பது ஒலிபரப்பின் இயல்பிலேயே உள்ளதென்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

போர்க்காலம் இவ்வுறவை முற்றாக மாற்றியது. 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்து 1967இற் செயற்படத் தொடங்கிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பணிப்பாளர் சபையை நியமிப்பவர் அமைச்சர். பெயரிலே கூட்டுத்தாபனமாயினும் அதிகாரத்தில் அது அரசின் நிறுவனமாகவே இருந்தது. போர் மூண்டபின் அதன் செய்தியைத் தமிழ் நேயருட் பெரும்பாலோர் அரசின் குரலாகவே கேட்டனர். நம்பிக்கை தமிழோசையை நாடிற்று. 1941 மே மாதம் தொடங்கிய அச்சேவை, ஐம்பது ஆண்டுகளின் பின் வடபுலத்துக் குடும்பங்களின் இரவு நேரத்துக் கடமையாயிற்று. மின்சாரம் இல்லை, பற்றறி தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்று. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவின் மின்னில் வானொலி பேச, அயலவர் கூடியிருந்து கேட்ட காட்சி அக்காலத்தை அறிந்தோர் அனைவரும் கூறுவதாகும். 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் ஊரைவிட்டு வெளியேறிய தீவக மக்கள், தாம் விட்டுவந்த மண்ணிலே என்ன நடக்கிறது என்பதை அறிவதற்கும் இத்தகைய வானொலிகளையே நம்பினர்.

அக்கேள்விக்கு நேயர் கொடுத்த விலை உடலுழைப்பு, பணமன்று. பணம் கொடுத்தவர் பிரித்தானிய வரியிறுப்பாளர். அந்நாட்டு வெளியுறவு அமைச்சின் மானியத்தில் இயங்கிய உலக சேவை, 2010ஆம் ஆண்டுச் செலவினக் குறைப்பை அடுத்து 2011இல் ஐந்து மொழிச் சேவைகளை மூடியது. 2014இல் அதன் செலவு பிரித்தானிய நேயரின் அனுமதிக் கட்டணத்தின் மீது சுமத்தப்பட்டது. 2017 ஏப்ரல் 30ஆம் நாளுடன் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. இணையத்தில் அச்சேவை வேறு வடிவிலே தொடர்ந்ததெனினும், சிற்றலையை நம்பியிருந்த நேயரின் இழப்பை அது ஈடுசெய்யவில்லை. மிதியைச் சுற்றிக் கேட்ட நேயர் இம்முடிவு குறித்து எவரிடமும் கேள்வி கேட்க இயலவில்லை. அவர் வாக்காளரும் அல்லர். கட்டணம் செலுத்தியவரும் அல்லர். பிறர் அறத்தில் உண்டவருக்கு உலை அணையும்போது உரைப்பதற்கு இடமில்லை.

நன்கொடையின் சார்பில் எழும் வாதம் இவ்விடத்திலேயே வலுப்பெறுகிறது. நேயரே கொடுத்திருப்பின், நிறுத்துவதற்கு முன் அவரைக் கேட்டிருப்பர் அன்றோ என்பது அவ்வாதம். இதற்கு முன்னுதாரணமும் உண்டு. அமெரிக்காவின் பேர்க்லி நகரில் லூயிஸ் ஹில் என்பவரின் முயற்சியால் 1949இல் தொடங்கிய கே.பி.எப்.ஏ. நிலையம், விளம்பரத்தையும் அரசையும் விலக்கி நேயரின் சந்தாவையே நாடியது. 1950இல் நிதியின்றி ஒலிபரப்பை நிறுத்திய அந்நிலையம், நேயரின் ஆதரவால் 1951இல் மீண்டும் ஒலித்தது. யாழ்ப்பாணச் சமூகத்துக்கும் இக்கருத்து அந்நியமானதன்று. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை நாள்தோறும் வேறாக எடுத்துவைத்து, ஆலயத்துக்கும் கல்விக்கூடத்துக்கும் அளித்த பிடியரிசி மரபு இங்குண்டு. வறிய வீடும் அதிற் பங்குகொள்ள முடிந்தமையே அம்மரபின் சிறப்பு. நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்தின் அன்னதானம் இன்றும் அடியாரின் கொடையாலேயே நடைபெறுகின்றது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் வாழும் தீவகத்தார் ஊர்ச்சங்கங்கள் அமைத்து, தாம் பயின்ற பாடசாலைகளுக்கும் தமது கோயில்களுக்கும் பெரும்பொருள் அனுப்பி வருகின்றனர். இத்தகைய சமூகம் ஒரு வானொலியைத் தாங்க மாட்டாதா எனக் கேட்பது நியாயமானதே.

ஆயினும் இவ்வாதம் மூன்று இடங்களில் இடறுகின்றது.

முதலாவது, கொடை எங்கே திரளும் என்பது. அமெரிக்க நிகழ்ச்சியை மீண்டும் நோக்கினால் இது தெளிவாகும். நிதி வெட்டுக்குப் பின் பெருநகர நிலையங்கள் செல்வரும் படித்தோரும் நிறைந்த நேயர் கூட்டத்தை நோக்கிக் கையேந்த முடிந்தது. அலாஸ்காவின் கடலோரச் சிற்றூர் நிலையங்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவற்றுட் சில, தம் வருவாயிற் பாதிக்கு மேற்பட்டதைப் பொது நிதியிலிருந்தே பெற்றுவந்தவை. இவ்வெட்டினை அந்நாட்டுச் செனற் சபை விவாதித்துக் கொண்டிருந்த 2025 யூலை 16ஆம் நாள், அலாஸ்காவின் சாண்ட் பொயின்ற் தீவூரை அடுத்த கடலில் 7.3 அளவான நிலநடுக்கம் நிகழ்ந்து சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அவ்வெச்சரிக்கையை ஊராருக்கு ஒலிபரப்பியவை அத்தகைய சிறு நிலையங்களே. கொடை பணம் இருக்கும் இடத்திற் பெருகும். ஒலிபரப்பின் தேவையோ பணம் இல்லாத இடத்திற் பெருகும். இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. ஆயிரம் சந்தாதாரரைத் திரட்டுதல் கொழும்பு, ரொறன்ரோ போன்ற நகரங்களில் எளிது. எழுவைதீவில் அதனை எதிர்பார்ப்பதே தவறு.

இரண்டாவது, கொடை எதனை விரும்பும் என்பது. யாழ்ப்பாணக் கொடை பெரும்பாலும் பெயர் பொறிக்கப்படும் கொடையாகும். திருவிழாவுக்கு உபயகாரர் உளர். மண்டபத்துக்குக் கல்வெட்டு உண்டு. பாடசாலைக் கட்டடத்தின் முகப்பிற் கொடையாளியின் தந்தையார் பெயர் விளங்கும். இது குறைகூறுதற்குரியதன்று. ஆனால், காற்றிலே மறையும் சொல்லிற் பெயர் பொறிக்க முடியாது. பொறிக்க முயலின், சொல்லே கொடையாளியின் சொல்லாகிவிடும். புலம்பெயர்ந்தவர் நாடும் தீவு நினைவிலுள்ள தீவு: பனங்கூடல், கோயில் மணி, விட்டுவந்த வீடு. அங்கு வாழ்பவருக்குத் தேவைப்படும் தீவு இன்றைய தீவு: குடிநீர், படகுச் சேவை, மீன்விலை, ஆசிரியர் வெற்றிடம். இவ்விரண்டனுள் முன்னதைப் பாடுதல் நன்கொடைக்கு உகந்தது. பின்னதைப் பேசுதல் பலருக்குச் சங்கடமானது.

இழுவைமடிப் பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். இலங்கை 2017இல் அடிமட்ட இழுவைமடித் தொழிலைச் சட்டத்தாற் தடைசெய்தது. எனினும் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் நெடுந்தீவுக் கடலுக்குள் வந்து வலைகளை அறுத்துச் செல்வதாகத் தீவக மீனவர் முறையிட்டு வந்துள்ளனர். கைதாகும் தமிழ்நாட்டு மீனவரும் கடனாளியான கூலித் தொழிலாளரே என்பதும் உண்மை. தமிழரை நோக்கித் தமிழரே முறையிடும் இவ்விடயத்தை நேர்மையோடு ஒலிபரப்புதல், இரு கரைத் தமிழரின் உணர்ச்சியை நம்பி நிதி திரட்டும் நிலையம் ஒன்றுக்கு எளிதாகாது. அரசின் பணம் அரசைப் பற்றிய மௌனத்தை வாங்குவது போல, அன்பர்களின் பணம் அன்பர்களைப் பற்றிய மௌனத்தை வாங்கக்கூடும். இரண்டாவது மௌனம் அன்பின் பெயரால் நிகழ்வதால் அதனை இனங்காணுதல் மேலும் கடினம்.

மூன்றாவதே மிக அடிப்படையானது. கொடுத்தவருக்கே கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்னும் எடுகோள், கொடுக்க இயலாதவரின் உரிமையை மறுப்பதில் முடிகிறது. இலங்கையின் சட்ட வரலாறு இவ்விடயத்தில் மேலான ஒரு நிலைப்பாட்டைக் கொண்டுள்ளது. ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நேயர் பங்குபற்றும் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றை 1995இல் திடீரென நிறுத்தியபோது, அதிற் பங்குபற்றி வந்த நேயர் ஒருவர் உயர் நீதிமன்றத்தை நாடினார். 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, அந்நிறுத்தம் பங்குபற்றும் நேயரின் பேச்சுச் சுதந்திரத்தை மீறியதென ஏற்றுக்கொண்டார். அவர் எவ்வளவு பணம் செலுத்தினார் என்பது அங்கு வினாவாகவில்லை. கேட்டதாலும் பேசியதாலும் அவர் உரிமையாளரானார். அடுத்த ஆண்டு, ஒலிபரப்பு அதிகாரசபை அமைப்பதற்கான சட்டமூலத்தை ஆராய்ந்த அதே நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்பதையும், அவற்றை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அரசின் பிடியிலிருந்து விலகியிருத்தல் வேண்டும் என்பதையும் வலியுறுத்தி, அச்சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்மானித்தது. இவ்விரு தீர்ப்புகளையும் இணைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். அரச வானொலியைப் பொது வானொலியாக்குவதற்கு வேண்டியது பணம் மட்டுமன்று. அதன் அமைப்பு மாற்றமுமாகும். அமைப்பு மாறாதிருக்கையில் நன்கொடை அளிப்பது, துளையுள்ள தோணியில் நீர் இறைப்பதை ஒக்கும்.

அவ்வாறாயின் நன்கொடையை முற்றாக ஒதுக்குவதா? அதுவும் பொருந்தாது. மணிமேகலையின் மணிபல்லவத்தை நயினாதீவாகக் கொள்ளும் மரபு ஒன்றுண்டு. அவ்விட ஆராய்ச்சியை ஒருபுறம் வைத்து, அக்காப்பியத்தில் அமுதசுரபி இயங்கும் முறையை மட்டும் நோக்குவோம். ஆபுத்திரன் அக்கலத்துடன் ஆளில்லாத் தீவில் தனித்துவிடப்பட்டபோது, உண்பார் எவருமின்மையால் அது பயனற்றதாயிற்று. அள்ள அள்ளக் குறையாத கலமாயினும் பெறுவோர் இன்றேல் அது வெறுங்கலமே. பின்னர் மணிமேகலை கையில் அது சுரக்கத் தொடங்குவதற்கு ஆதிரையின் முதற் பிச்சை வேண்டியிருந்தது. ஆதிரை அரசி அல்லள். ஒரு குடும்பப் பெண். அவள் இட்டது ஊரையே ஊட்டும் அளவினதன்று. ஆனால் அதுவின்றி ஊட்டல் தொடங்கவில்லை. கதை அதனோடு முடிவதுமில்லை. இறுதியில் மன்னன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்ற இசைகின்றான். தனியொருத்தியின் கொடை, அரசின் நிறுவனத்தை அறநிறுவனமாக்குவதிற் சென்று நிறைவெய்துகின்றது. நன்கொடைக்கும் பொது நிதிக்கும் இடையே இருக்கவேண்டிய உறவு இதுவே. ஆதிரையின் பிச்சை போதுமெனக் கூறி மன்னன் ஒதுங்கிக்கொள்ளும் கதை மணிமேகலையில் இல்லை.

இந்நோக்கிலே, தீவகத்துக்கு உகந்த நன்கொடை முறை ஒன்றன் இயல்புகளைச் சுருக்கமாகச் சுட்டலாம். அது பிடியரிசியின் அளவினதாக இருத்தல் வேண்டும்; ஒருவர் கொடுக்கக்கூடிய தொகைக்கு மேல் எல்லை இருப்பின், எவர் பெயரும் நிகழ்ச்சிக்கு மேலாக ஒலிக்காது. கொடுத்தவர், கொடாதவர் என்னும் வேறுபாடின்றித் தீவகத்தில் வாழும் நேயருக்கே நிகழ்ச்சிக்குழுவில் இடமளித்தல் வேண்டும். திரளும் பணம் கட்டடங்களிற் போகாது, தீவுகளுக்குச் சென்று மக்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்யும் பயணச் செலவுக்கும், பழைய ஒலிநாடாக்களைப் பேணுவதற்கும், இளம் ஒலிபரப்பாளரைப் பயிற்றுவதற்கும் பயன்படல் வேண்டும். வரவுசெலவு ஆண்டுதோறும் வானலையிலேயே வாசிக்கப்படுதல் வேண்டும். கடல்நிலை அறிவிப்பு, அனர்த்த எச்சரிக்கை, கல்வி ஒலிபரப்பு ஆகியவை எந்நிலையிலும் நன்கொடையை நம்பியிருத்தலாகாது. அவை வரிப்பணத்தின் கடமை. நெடுந்தீவு மீனவர் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கொடுக்கும் விலையிலே வரியும் அடங்கியுள்ளது. அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.

நன்கொடை இயக்கங்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதனையே. நேயரிடம் கையேந்தும்போது, அவர் இதுவரை எதுவுமே கொடுக்காதவர் போன்ற தோற்றம் உண்டாகிறது. உண்மையில் அவர் வரியாகவும், அனுமதிப்பத்திரமாகவும், இருண்ட ஆண்டுகளில் மிதியைச் சுற்றிய உழைப்பாகவும் கொடுத்தே வந்துள்ளார். அவரிடம் மேலும் ஒரு பிடி கேட்பதற்கு முன், அவர் ஏற்கெனவே இட்டதற்கு என்ன கிடைத்தது என்னும் கணக்கை ஒலிபரப்பு நிறுவனங்கள் ஒப்புவித்தல் வேண்டும். அக்கணக்கு நேர்மையாக வாசிக்கப்படும் நாளிற் பிடியரிசி தானே வரும். குறிகட்டுவானில் மறுநாட் படகு புறப்படுமா என்பதை முதல்நாள் இரவே அறிந்துகொள்ளும் உரிமை தீவக மக்களுக்கு உண்டு. அவ்வுரிமைக்கு நன்கொடைச் சீட்டு எதனையும் அவர்கள் காட்டவேண்டியதில்லை.